எந்த மருத்துவத்திற்கு எவ்வளவு பணம்?

(வேலூர் லாங் பஜாரில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லாங் பஜாருக்கு வருகிறவர்கள் எதையேனும் வாங்கத்தான் வருகிறார்கள். இந்தக் கூட்டம் முடிந்ததும் நம்மில் பலர் மளிகைச் சாமானோ, விதையோ, கயிறோ வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவோம். வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கடையில் மிகவும் பளபளப்பாக இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு, பிறகு மடியைத் தடவிப் பார்ப்பதில்லை. விலை என்ன, எத்தனை நாள் உழைக்கும், கெட்டுப்போனால் நம் ஊரில் செப்பனிட ஆள் உண்டா, பக்கத்து ஊர்க்காரர் வாங்கினாரே, அவருக்கு எப்படி இருந்தது என்றெல்லாம் விசாரிக்கிறோம். இதே பணத்திற்கு வேறு என்ன வாங்கலாம் என்று மனத்திற்குள் ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அரசாங்கம் மருத்துவத்திற்காகப் பொதுப் பணத்தைச் செலவிடும்போதும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். புதிய ஊசி, புதிய மருந்து, புதிய இயந்திரம் என்று ஆண்டுதோறும் வந்த வண்ணமாக இருக்கின்றன. அவற்றுள் எதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பது, எதைச் சிலருக்கு மட்டும் கொடுப்பது, எதை இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைப்பது? இந்த முடிவை யார், எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

இந்தப் பஜாரைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். விடுதிகளின் பெயர்ப் பலகைகளிலும் உணவுக் கடைகளிலும் வங்காளி எழுத்து இருக்கும். மேற்கு வங்காளத்திலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் இரண்டு நாள் ரயில் பயணம் செய்து இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மக்கள் வருகிறார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி அது. 1971-இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்துகாட்டியதும் அங்கேதான். அதைப் பற்றி வேலூர்க்காரர்கள் பெருமை கொள்வது இயல்பே. ஆனால் அந்தத் தெருக்களில் கையில் காகிதக் கட்டுடன் நடந்து போகிறவர்களை நாம் வேறொரு கண்ணாலும் பார்க்க வேண்டும். அவர்களில் நிலத்தை விற்றவர் உண்டு. உழவு மாட்டை விற்றவர் உண்டு. வட்டிக்கு வாங்கியவர் உண்டு. நம் பக்கத்துக் கதையும் வேறல்ல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் இடத்திலோ காலணித் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால், மருந்துச் செலவு ஒரு பக்கம், துணைக்குப் போனவரின் கூலி இழப்பு மறு பக்கம். பொதுப் பணத்தில் எதை வாங்குவது என்று அரசாங்கம் யோசித்து முடிவு செய்யாவிட்டால், அந்த முடிவை நோயாளியின் மடிச்சீலையே செய்துவிடும். பணமுள்ளவருக்குச் சிகிச்சை, இல்லாதவருக்கு இல்லை என்பதும் ஒரு முடிவுதான். அது யாரும் பொறுப்பேற்காத முடிவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். அங்குள்ள சுகாதார நிலையத்திற்கு விலையுயர்ந்த இயந்திரம் ஒன்று நன்கொடையாக வந்திருந்தது. மாலை போட்டு, புகைப்படம் எடுத்து, விழாவும் நடந்திருந்தது. நாங்கள் போனபோது அந்த இயந்திரம் பழைய வேட்டி ஒன்றால் மூடப்பட்டு ஒரு மூலையில் இருந்தது. அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் இல்லை. அதற்குரிய காகிதச் சுருள் தீர்ந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. அதே கட்டிடத்தில் பிரசவ அறையில் நல்ல விளக்கு ஒன்று இல்லை. அந்த ஊர்ப் பெரியவர்களை நாம் குறை கூற வரவில்லை. பெரிய இயந்திரம் வந்தால் ஊருக்கு மதிப்பு என்று நினைப்பது மனித இயல்பு. ஆயினும் இயந்திரத்தின் விலை என்பது அதை வாங்கும் விலை மட்டும் அன்று. இயக்கும் ஆள், மின்சாரம், பழுது பார்த்தல், அது நிற்கும் இடம், அதற்காக நாம் வாங்காமல் விட்ட மற்றப் பொருள், இவையனைத்தும் சேர்ந்ததே விலை.

இனி நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். ஒரு சிகிச்சைக்குப் பணம் செலவிடலாமா என்பதை வாதத்தால் முடிவு செய்யாமல், சோதனை செய்து பார்த்து முடிவு செய்தார்கள் என்பதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி அது.

காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால் கொடுத்து மாதக்கணக்கில் வைத்திருப்பதே அந்தக் காலத்தில் சிறந்த வைத்தியம் என்று கருதப்பட்டது. தாம்பரத்தில் ரயில் நிலையத்திற்கே சானடோரியம் என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளோ லட்சக்கணக்கானவர்கள். சானடோரியப் படுக்கைகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. எல்லோருக்கும் படுக்கை கட்டுவது என்றால் ஒரு தலைமுறை போதாது. இந்த நிலையில் 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் கை கோத்தன. நகரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புக்களைச் சேர்ந்த, இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்திற்குப் போனார்கள். மற்றப் பிரிவினர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம்.

வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு எளிய சாப்பாடு, குடியிருப்போ நெருக்கடி, பலருக்கு ஓய்வும் இல்லை. 1959-இல் முடிவு வெளியிடப்பட்டது. சானடோரியத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய 92 சதவிகிதத்தினர் நோய் தணிந்தார்கள். வீட்டில் இருந்தவர்களில் 86 சதவிகிதத்தினர். கூடவே குடியிருந்த வீட்டாருக்கு நோய் அதிகமாகப் பரவியதா என்றும் கவனித்தார்கள். சானடோரியத்திற்குச் சென்றவர்களின் வீட்டாரைவிட இவர்களுக்கு அதிகமாகப் பரவவில்லை. குணப்படுத்தியது மருந்து, முட்டையும் மலைக்காற்றும் அல்ல. 1962-இல் இந்திய அரசாங்கம் தேசியக் காசநோய்த் திட்டத்தைத் தொடங்கியபோது வீட்டுச் சிகிச்சையே அதன் அடிப்படையாயிற்று. பிற நாடுகளும் தங்கள் சானடோரியங்களை மூடின.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 92 என்பது 86-ஐவிடப் பெரிய எண்தான். “எது சிறந்தது?” என்று மட்டும் கேட்டிருந்தால் சானடோரியமே என்ற விடை வந்திருக்கக் கூடும். “கூடுதலாக எவ்வளவு நன்மை, அதற்குக் கூடுதலாக எவ்வளவு செலவு, அந்தச் செலவில் இன்னும் எத்தனை பேருக்கு மருந்து கொடுக்கலாம்?” என்று கேட்டதனால் வேறு விடை கிடைத்தது. சானடோரியத்தில் சில நூறு பேரைக் காக்கும் பணம், வீடுகளில் பல ஆயிரம் பேரைக் காத்தது. குடும்பத் தலைவர் வீட்டோடு இருந்ததனால் குடும்பம் கலையவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நம் வேலூரிலேயே நடந்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நம் தெருப் பிள்ளைகள் இதில் பங்கு கொண்டார்கள்.

கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளுள் முக்கியமானது ரோட்டா வைரஸ். 1973-இல் ஆஸ்திரேலியாவில் அதைக் கண்டறிந்தார்கள். வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீர்க் கோளாறு என்றுதான் நாம் சொல்லுவோம். பல வயிற்றுப்போக்குகளுக்கு அது பொருந்தும். பாலாற்றங்கரையில் குடியிருக்கும் நமக்குத் தண்ணீரின் அருமையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு நம் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996-இல் தீர்ப்பான வரலாறு நம்முடையது. ஆனால் ரோட்டா வைரஸ் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் வீட்டுப் பிள்ளையையும் விடுவதில்லை. சுத்தத்திற்குப் பேர்போன நாடுகளிலும் ஐந்து வயதிற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் அது ஒரு முறையேனும் தொற்றிவிடும். வேறுபாடு என்னவென்றால், அங்கே குழந்தை மருத்துவமனைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். இந்தியாவில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 78,500 பேர் இந்தக் கிருமியால் இறந்தார்கள் என்றும், 8 லட்சத்து 72 ஆயிரம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்றும் 2014-இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறியது. அதைச் செய்தவர்களில் வேலூர் ஆராய்ச்சியாளர்கள் முன்னின்றார்கள்.

இதற்குத் தடுப்பு மருந்து 1998-இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. ரோட்டாஷீல்டு என்று பெயர். அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மருந்து பெற்ற ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குக் குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும் கோளாறு உண்டானதே காரணம். அமெரிக்காவிற்கு அது சரியான முடிவு என்றே சொல்லலாம்; அங்கே ரோட்டா வைரஸால் ஆண்டுக்குச் சில பத்துக் குழந்தைகளே இறந்தன. ஆனால் ஆயிரக்கணக்கில் குழந்தைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நாடுகளுக்கு அதே கணக்கு பொருந்துமா? பத்தாயிரத்தில் ஒன்றுக்கு வரும் ஆபத்தையும், அந்தப் பத்தாயிரத்தில் காப்பாற்றப்படும் உயிர்களையும் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்தால், அங்கே ஒரு பக்கம் தாழும், இங்கே மறு பக்கம் தாழும். இந்த வாதம் உலக அளவில் எழுந்தது. எனினும் ஒரு செல்வ நாடு வேண்டாம் என்று ஒதுக்கிய மருந்தைத் தம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எந்த அரசாங்கம் துணியும்? யாரும் துணியவில்லை. ஆண்டுகள் ஓடின. ஓர் ஊருக்குச் சரியான முடிவை மற்றோர் ஊர் அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணம் நமக்குத் தெரியாது.

ஆகவே நம் பிள்ளைகளைப் பற்றிய கணக்கை நாமே எடுக்க வேண்டியதாயிற்று. 2002-ஆம் ஆண்டு தொடங்கி வேலூர் நகரின் மூன்று ஏழைக் குடியிருப்புக்களில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வாரத்திற்கு இரண்டு முறை பணியாளர்கள் வீடு தேடிச் சென்றார்கள். 373 குழந்தைகள் மூன்றாண்டுகளை நிறைவு செய்தன. ஒரு முறை தொற்றிய குழந்தைக்கு மறுமுறை வராமல் எவ்வளவு பாதுகாப்பு உண்டாகிறது என்று பார்த்தார்கள். மெக்சிகோ நாட்டில் முன்பு செய்த ஆய்வில், இரண்டு முறை தொற்றிய குழந்தைக்குப் பிறகு கடும் நோய் வரவே இல்லை. நம் வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் 79 சதவிகிதப் பாதுகாப்பே கிடைத்தது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதம் முடியும் முன்பே முதல் தொற்று வந்துவிட்டது. இந்தச் செய்தி 2011-இல் வெளியாயிற்று. வெளிநாட்டில் 90 சதவிகிதம் வேலை செய்கிற தடுப்பு மருந்து இங்கேயும் அப்படியே வேலை செய்யும் என்று எண்ணக் கூடாது என்பதை அந்த 373 வீட்டுத் தாய்மார்களின் பொறுமை நமக்குக் கற்றுக் கொடுத்தது. கதவைத் திறந்து, வாரம் இருமுறை, மூன்றாண்டுகள்!

அதே சமயத்தில் நம் நாட்டிலேயே ஒரு தடுப்பு மருந்து உருவாகிக்கொண்டிருந்தது. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் 1980-களின் நடுவில் கண்டெடுத்த, நோய் உண்டாக்காத ஒரு வகைக் கிருமியே அதன் வித்து. அதைத் தயாரித்த ஐதராபாத் நிறுவனம், அரசாங்கத்திற்கு ஒரு வேளை மருந்தை ஒரு டாலருக்குக் கொடுப்பதாக முன்கூட்டியே வாக்களித்திருந்தது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். முதல் ஆண்டில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை அது ஏறக்குறைய 56 சதவிகிதம் தடுத்தது என்று 2014-இல் தெரியவந்தது.

56 சதவிகிதந்தானா என்று முகம் சுளிக்கத் தோன்றும். பம்புசெட் வாங்கும்போது நூற்றுக்கு ஐம்பத்தாறு நாள்தான் ஓடும் என்று கடைக்காரர் சொன்னால் நாம் வாங்குவோமா? ஆனால் இங்கே ஒப்பிட வேண்டியது வெளிநாட்டு எண்ணோடு அன்று. மருந்தே கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதோடு. நோய் குறைவாக உள்ள நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தடுத்தாலும் காப்பாற்றப்படும் உயிர்கள் கொஞ்சம். நோய் மிகுந்த நாட்டில் பாதியைத் தடுத்தாலும் அவை பல ஆயிரம். மருத்துவமனைச் செலவு மிச்சம், தாயின் கூலி மிச்சம், அதற்காக வாங்கும் கடன் மிச்சம்.

தடுப்பூசிகளைப் பற்றி அரசாங்கத்திற்கு ஆலோசனை கூற 2001 முதல் இயங்கும் தேசியத் தொழில்நுட்பக் குழு இதற்குப் பரிந்துரை செய்தது. 2016-இல் நான்கு மாநிலங்களிலும், 2017-இல் நம் தமிழ்நாட்டிலும், 2019-க்குள் நாடு முழுவதிலும் இந்தத் தடுப்பு மருந்து இலவசமாகக் கொடுக்கப்பட்டது. குடல் செருகும் அபாயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. கொடுக்கத் தொடங்கிய பிறகும் கண்ணை மூடிக்கொள்ளாமல், பல மருத்துவமனைகளில் அந்தக் கோளாற்றுடன் வந்த குழந்தைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். இந்த மருந்தினால் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை என்று 2020-இல் முடிவு வெளியாயிற்று. வாங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதை இங்கே கவனியுங்கள்.

விலை மாறினால் முடிவும் மாறும். முதியவர்களின் கண்புரையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் கண் முகாமில் புரையை அகற்றி, சோடாப் புட்டியின் அடிப்பாகம் போன்ற கண்ணாடியை மாட்டி அனுப்புவார்கள். கண்ணுக்குள்ளேயே வைக்கும் வில்லை வந்தபோது அது வெளிநாட்டுச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை அமைத்து அந்த வில்லையை இங்கேயே மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகு, “ஏழைக்கு வில்லை வைக்கலாமா?” என்ற கேள்வியே மறைந்து, “எந்த வில்லை?” என்ற கேள்வி எழுந்தது. மடித்து வைக்கும் வில்லையும் அதற்குரிய இயந்திரமும் ஒரு பக்கம். இயந்திரம் இல்லாமல் சிறு கீறலில் வைக்கும் சாதாரண வில்லை மறு பக்கம். இந்திய அரசாங்கத்தின் ஆய்வு அமைப்பு இரண்டையும் ஒப்பிட்டு, பொதுப் பணத்திற்குச் சிறு கீறல் முறையே ஏற்றது என்று கூறியது. பார்வை கிடைப்பதில் பெரிய வேற்றுமை இல்லை, செலவில் உண்டு.

அந்த அமைப்பு 2017-இல் மத்தியச் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஏற்பட்டது. மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு என்பது அதன் பணி. முன்பு சொன்ன சென்னைக் காசநோய் மையம், இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து, இந்த மதிப்பீட்டுப் பணிக்கும் ஒரு வட்டார மையமாக விளங்குகிறது. இங்கிலாந்தில் இதே நோக்கத்துடன் 1999-இலும், தாய்லாந்தில் 2007-இலும் அமைப்புக்கள் தோன்றின. ஒரு சிகிச்சை எத்தனை ஆண்டுகள் ஆயுளைக் கூட்டுகிறது, அந்த ஆண்டுகளில் மனிதர் எழுந்து நடமாடுகிறாரா, படுக்கையில் கிடக்கிறாரா என்பதையெல்லாம் சேர்த்து, நலமாக வாழும் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று கணக்கிடுகிறார்கள். நம் தமிழ்நாட்டிற்கோ இதற்கெல்லாம் முன்பே ஒரு பழக்கம் உண்டு. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இன்றியமையாத மருந்துகளின் பட்டியலை வகுத்து, மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில் வாங்கி, தரம் சோதித்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் புத்தகம் கொடுத்து வழங்குகிறது. பட்டியலில் எது இருக்கிறது, எது இல்லை என்பதே ஒரு முடிவுதானே!

இவ்வளவும் கேட்டபின், மலிவானதை வாங்குவதற்குப் படித்தவர்கள் கண்டுபிடித்த உபாயம் இது என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு உட்செவியில் பொருத்தும் கருவியின் விலை லட்சக்கணக்கில். ஆயினும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அதைப் பொருத்துகிறார்கள். ஆறு வயதிற்குள் பொருத்தினால் பிள்ளை பேசக் கற்றுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். வாழ்நாள் முழுதும் அதன் பயன் நிற்கும். காலம் கடந்து பொருத்தினால் செலவு அதேதான், பயன் சிறிது. விலையுயர்ந்த பொருளும் தகுந்த இடத்தில் சிக்கனமே.

ஆனால் இந்தக் கணக்கு நம் நெஞ்சைச் சுடும் இடமும் உண்டு. அதை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. தசைகள் வலுவிழந்து போகும் அரிய நோய் ஒன்றுக்கு ஓர் ஊசியின் விலை 16 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பெற்றோர் ஊரெல்லாம் கை நீட்டிப் பணம் திரட்டியதையும் படித்திருப்பீர்கள். 2014-ஆம் ஆண்டு விலையில் கணக்குப் பார்த்தால், அந்த ஓர் ஊசிப் பணத்தில் எட்டு லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ரோட்டாச் சொட்டு மருந்தை மூன்று வேளையும் வாங்கிவிடலாம். கணக்குச் சரிதான். ஆனால் அந்தத் தாயின் எதிரே உட்கார்ந்து இந்தக் கணக்கைப் படித்துக் காட்ட யாரால் முடியும்? அரிய நோய்களுக்கென்று 2021-இல் இந்திய அரசாங்கம் ஒரு கொள்கை வகுத்தது. உதவித் தொகையின் உச்ச வரம்பை மறு ஆண்டில் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 16 கோடிக்கு 50 லட்சம் எம்மாத்திரம்! மருந்து விலையைக் குறைக்கும்படி கம்பெனிகளோடு வாதாடுவதும், இங்கேயே அதைச் செய்ய வழி தேடுவதும் அரசாங்கத்தின் கடமை என்பது நம் கருத்து; வில்லையின் விலை இறங்கியது அப்படித்தானே. அதுவரை, முடியாது என்று சொல்ல நேர்ந்தால், எதனால் முடியாது என்பதைக் காரணத்துடன் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சிபாரிசு உள்ளவருக்கு உண்டு, இல்லாதவருக்கு இல்லை என்ற நிலைமை மட்டும் வரக்கூடாது. கணக்கு கடுமையாக இருக்கலாம்; ஆள் பார்த்து மாறக்கூடாது.

பஞ்சாயத்து உறுப்பினர்களே! இதெல்லாம் டெல்லியிலும் சென்னையிலும் நடப்பது, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். 2005-இல் தேசியக் கிராமப்புறச் சுகாதார இயக்கம் தொடங்கியபோது, கிராமந்தோறும் சுகாதாரத்திற்கும் துப்புரவுக்கும் ஒரு குழு அமைத்து, ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அதன் விருப்பப்படி செலவிடத் தந்தார்கள். அந்தக் குழுவில் பஞ்சாயத்துக்கு இடம் உண்டு. தொகை சிறியது, கேள்வி அதே கேள்வி. பத்தாயிரத்திற்கு என்ன வாங்குவது? விழாவில் வைத்துக் கொடுக்க நன்றாக இருக்கும் என்பதற்காக ஒரு பொருளை வாங்குகிறோமா, துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் எது இல்லாமல் நாள்தோறும் அல்லற்படுகிறார் என்று அவரையே கேட்டு வாங்குகிறோமா? ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் இந்தக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள் என்று சொல்ல மாட்டோம்.

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பதும் ஒரு மருத்துவத் தொழில்நுட்பமே. அது உங்கள் கையிலேயே இருக்கிறது. கலந்ததாகக் குறிப்பேட்டில் எழுதுவது வேறு, கலப்பது வேறு. தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சிறு குப்பியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் நிறம் காட்டிவிடும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் அங்கே மிஞ்சியிருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு தேநீர்ச் செலவுகூட இல்லை. ரோட்டா வைரஸுக்குச் சொட்டு மருந்து, காலராவுக்கும் டைபாய்டுக்கும் நல்ல தண்ணீர், எந்த வயிற்றுப்போக்கு வந்தாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

தாய்மார்கள் சிலர் கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு விஷயம் கேட்டார்கள். ரோட்டாச் சொட்டு மருந்து குழந்தையின் 6, 10, 14-ஆம் வாரங்களில், மற்றத் தடுப்பூசிகளோடு சேர்த்து, வாய் வழியாகக் கொடுக்கப்படுகிறது. புதன்கிழமைகளில் துணைச் சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்லுங்கள், கட்டணம் இல்லை. முதல் வேளையை ஒரு வயதிற்குள் தொடங்கிவிட வேண்டும். நாள் தவறிவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாமல் அடுத்த புதன்கிழமையே போய்க் கேளுங்கள். தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் தாய்க்குப் புதன்கிழமை விடுப்புக் கிடைக்காது என்பதும் நமக்குத் தெரியும். அதற்கு ஏதேனும் ஏற்பாடு செய்ய முடியுமா என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தங்கள் ஊர்ச் செவிலியரோடு பேசிப் பார்க்க வேண்டுகிறோம். பாட்டி எடுத்துச் சென்றாலும் சொட்டு மருந்து கொடுப்பார்கள். அட்டையை மட்டும் மறவாமல் கையில் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் கேள்விகளை இனிக் கேட்கலாம். கடைக்குப் போக வேண்டியவர்கள் இருப்பதால் பின் வரிசையிலிருந்து தொடங்குவோம்.